முதல் காட்சியில் ஒரு கறுப்பு அங்கி

திரைப்படம் பார்க்கச் செல்லும்போது நம்மில் பலர் பத்து நிமிடம் தாமதமாகத்தான் உள்ளே நுழைகிறோம். "பெயர்தானே ஓடிக்கொண்டிருக்கும்" என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். மற்ற படங்களுக்கு அது பொருந்தலாம். மர்மப் படத்திற்குப் பொருந்தாது. ஒரு வீட்டின் திண்ணையைப் பார்த்தே உள்ளே இருப்பவர்களை ஓரளவு அறிந்துகொள்கிறோம் அல்லவா? அதுபோல, மர்மப் படத்தின் முதல் சில நிமிடங்களே இது எந்த வகைக் கதை, இதை எந்த மனநிலையோடு பார்க்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிவிடுகின்றன.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, கத்தோலிக்கராகிய நாம் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1953ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஐ கன்ஃபெஸ்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் அது. 'நான் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1899இல் லண்டனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் ஹிட்ச்காக். இயேசு சபையினரின் பள்ளியில் படித்தவர். பால் ஆன்தெல்ம் 1902இல் எழுதிய பிரெஞ்சு நாடகம் ஒன்றின் அடிப்படையில் இந்தப் படத்தை உருவாக்கினார்.

அம்புக்குறி காட்டும் வழி

கதை நடக்கும் இடம் கனடாவின் கியூபெக் நகரம். புனித லாரன்ஸ் நதிக்கரையில் 1608இல் நிறுவப்பட்ட பழைய நகரம் அது. 1674 முதல் மறைமாவட்டத் தலைநகரம். ஆலயக் கோபுரங்களும் கல் பாவிய குறுகிய தெருக்களும் நிறைந்தது.

படம் தொடங்கும்போது இருள் சூழ்ந்த வானத்தின் கீழ் அந்த நகரம் தெரிகிறது. தெருக்களில் ஆள் நடமாட்டம் இல்லை. உயரமான படிக்கட்டு ஒன்றின் உச்சியில் தடித்த உருவம் ஒன்று நடந்து மறைகிறது. அவர் வேறு யாருமல்லர், இயக்குநர் ஹிட்ச்காக்தான். தம் படங்களில் இப்படி ஒரு கணம் தலைகாட்டுவது அவருடைய வழக்கம்.

அடுத்து ஒரு சாலைப் பலகை. அதில் ஓர் அம்புக்குறியும் 'டிரக்ஷன்' என்ற சொல்லும். கியூபெக்கில் அக்காலத்தில் ஒருவழிப் பாதைகளில் இருந்த பலகை அது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே எழுத்துகளில் எழுதப்படும் சொல். மீண்டும் ஒரு தெரு, மீண்டும் அதே அம்புக்குறி. யாரோ நம் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல் இருக்கிறது. கடைசியில் திறந்திருக்கும் ஒரு சன்னல். அதன் வழியே உள்ளே பார்த்தால் தரையில் ஒருவர் இறந்து கிடக்கிறார். வாசலில் தொங்கும் மணித் திரை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. கொலையாளி இப்போதுதான் வெளியேறியிருக்கிறான்!

இதுவரை எவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் நாம் அறிய வேண்டியவை எல்லாம் சொல்லப்பட்டுவிட்டன. இரவும் வெறிச்சோடிய தெருவும் அச்சத்தைத் தந்தன. பிணம் இது குற்றக் கதை என்றது. ஆடும் திரை, குற்றவாளி அருகில்தான் இருக்கிறான் என்றது. அம்புக்குறிகளோ, இந்தப் பாதையில் போனவர் திரும்பி வருவது எளிதல்ல என்பதைச் சொல்லாமல் சொல்லின.

அங்கியைக் கழற்றியவன்

அடுத்த காட்சிதான் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. இருட்டுத் தெருவில் விரைந்து செல்லும் அந்த மனிதன் குருக்கள் அணியும் நீண்ட கறுப்பு அங்கியை அணிந்திருக்கிறான். அவ்வழியே செல்லும் இரண்டு சிறுமிகள் அவனைப் பார்க்கிறார்கள். சற்றுத் தூரம் சென்றதும் அவன் அந்த அங்கியைக் கழற்றுகிறான். உள்ளே சாதாரண உடை. அவன் குருவானவர் அல்ல!

சிறுமிகள் பார்த்தது அங்கி அணிந்தவனை மட்டும். கழற்றியவனை அவர்கள் பார்க்கவில்லை. நாம் இரண்டையும் பார்த்தோம். படம் முழுவதற்குமான வேதனை இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

அவன் நேராக ஆலயத்திற்குள் நுழைகிறான். பங்கு இல்லத்தின் சன்னலிலிருந்து அதைப் பார்க்கும் இளம் குரு மைக்கேல் லோகன் இறங்கி வருகிறார். வந்தவன் ஓட்டோ கெல்லர், அந்தப் பங்கு இல்லத்திலேயே வேலை செய்யும் ஜெர்மானிய அகதி. அவன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்கிறான். தொட்டியின் சிறு சன்னலுக்கு அப்பாலிருந்து, தான் தோட்டவேலை செய்துவந்த வீட்டுக்காரரான வில்லெட் என்பவரைக் கொன்றுவிட்டதைச் சொல்கிறான்.

பொதுவாக மர்மக் கதைகளில் "கொன்றது யார்?" என்ற கேள்வி கடைசிப் பக்கம்வரை நம்மை இழுத்துச் செல்லும். இங்கே அதற்கு விடை தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. அப்படியானால் மீதிப் படத்தை எதற்காகப் பார்க்கிறோம்? ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய உரையாடல் 1966இல் நூலாக வந்தது. மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் சில நொடிகள் அதிர்ச்சிதான்; அது இருப்பது முன்பே தெரிந்தால் பல நிமிடங்கள் பதைபதைப்பு என்று அதில் அவர் விளக்குகிறார். 'ஐ கன்ஃபெஸ்' படத்தில் அந்த வெடிகுண்டு ஓர் இரகசியம். அது ஒரு குருவானவரின் உள்ளத்தில் வைக்கப்பட்டுவிட்டது.

பேச முடியாத சாட்சி

விசாரணையில் அந்தச் சிறுமிகள், கொலை நடந்த இரவில் ஒரு குருவானவரைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொன்னார்கள். சந்தேகம் தந்தை லோகன் மீதே விழுகிறது. உண்மையைச் சொன்னால் அவர் ஒரே நிமிடத்தில் விடுதலை பெறலாம். அவரோ வாய் திறக்கவில்லை.

ஏன்? கத்தோலிக்கர் அல்லாதார் பலருக்கு இந்த மௌனம் புரியவில்லை என்றும், கத்தோலிக்கருக்கோ அது தெளிவாகவே தெரியும் என்றும் அதே உரையாடலில் ஹிட்ச்காக் குறிப்பிட்டார். நமக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரை மீற முடியாதது என்று திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் விதி கூறுகிறது. வார்த்தையாலோ வேறு எந்த வகையிலோ, எக்காரணம் கொண்டும் குருவானவர் பாவியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. 984ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இரகசியம் வெளிப்படும் ஆபத்தே இல்லாவிட்டாலும், கேட்டதைப் பாவிக்குத் தீங்காகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 2021இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 1386ஆம் விதியின்படி, முத்திரையை நேரடியாக மீறும் குரு அச்செயலாலேயே திருச்சபையின் உறவு ஒன்றிப்பிலிருந்து நீக்கப்படுகிறார். அத்தண்டனையைத் திருப்பீடமே நீக்க இயலும். 1393இல் பிராகு நகர ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட புனித ஜான் நெப்போமுக், இந்த முத்திரைக்காக உயிர் தந்தவர் என்றே மரபில் போற்றப்படுகிறார்.

இந்த முத்திரை குருவானவரையே கட்டுகிறது. பாவத்தை அறிக்கையிட்டவரை அல்ல. கெல்லர் விரும்பினால் எந்த நேரத்திலும் காவல்துறையிடம் உண்மையைச் சொல்லலாம். ஆகவே தந்தை லோகன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: கெல்லரின் மனச்சான்று விழிக்கும்வரை காத்திருப்பது.

தொடக்கக் காட்சி அமைக்கப்பட்ட விதத்தின் பொருள் இப்போதுதான் நமக்கு விளங்குகிறது. அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்து போய்ப் பிணத்தைப் பார்த்தவர்கள் நாம். அங்கி கழற்றப்பட்டதைப் பார்த்தவர்களும் நாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் நம் செவிகள் இருந்தன. உண்மை முழுவதும் நமக்குத் தெரியும். ஆனால் திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் நம்மால் ஒரு சொல்லும் சொல்ல இயலாது. இயக்குநர் நம்மை அந்தக் குருவானவரின் இடத்திலேயே அமர்த்திவிடுகிறார்! அவருடைய தவிப்பு நம்முடைய தவிப்பாகிறது.

நமக்கான கேள்விகள்

அந்தச் சிறுமிகளைப்போல் நாமும் பலமுறை அங்கியை மட்டுமே பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பங்கில் ஒருவரைப் பற்றி ஏதோ ஒன்று காதில் விழுகிறது. "நானே என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லவும் ஒருவர் இருக்கிறார். அவர் பொய்யர் அல்லர். ஆனால் அவர் பார்த்தது ஒரு பாதியாக இருக்கலாம். ஈசாயின் புதல்வர்களுள் மூத்தவரின் தோற்றத்தைக் கண்டு இவரே அரசர் என்று இறைவாக்கினர் சாமுவேலே எண்ணிவிட்டார். ஆண்டவர் பார்த்ததோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீதின் உள்ளத்தை. அப்படியிருக்க, ஒரு பார்வையில் ஒருவரின் நற்பெயரைப் பறித்துவிடும் உரிமையை நமக்கு யார் தந்தது?

வெட்கத்தாலும் பயத்தாலும் பல ஆண்டுகளாக ஒப்புரவு அருளடையாளத்தை நாடாமல் இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. "சாமியார் என்ன நினைப்பாரோ, யாரிடமாவது சொல்லிவிடுவாரோ" என்ற தயக்கமே பலருக்குத் தடை. தன் உயிரே போகும் நிலையிலும் ஒரு குரு அந்த இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர் என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லலாம்.

படத்தின் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. அடுத்த அன்பியக் கூட்டத்திலோ குடும்பத்தோடு இருக்கும் ஒரு மாலையிலோ இதைப் பாருங்கள். முதல் பத்து நிமிடங்கள் முடிந்ததும் நிறுத்தி, "இதுவரை யார் யார் எதைப் பார்த்தார்கள்? யார் எதைப் பார்க்கவில்லை?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அந்தக் கேள்வி திரைப்படத்தோடு முடிந்துவிடாது.

அதற்குத் தாமதமாக மட்டும் வந்து அமராதீர்கள். முதல் காட்சியைத் தவறவிட்டால், நாமும் அந்தக் குருவானவரைச் சந்தேகித்தவர்களுள் ஒருவராகிவிடுவோம்.