சூதாட்ட மனையும் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பும்

கோட்டயத்திலிருந்து குமுளி நோக்கி ஏறும் மலைச் சாலையில் குட்டிக்கானத்தைக் கடந்து பீர்மேட்டை அடைவோர், இரு மருங்கிலும் தேயிலைத் தோட்டங்களையும், அவற்றிடையே வரிசை வரிசையாய் நிற்கும் லயங்களையும் காண்பர். அந்த லயங்களில் வாழ்வோரில் பலர் தமிழர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து சில தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, பெருங் கிளர்ச்சி நடந்த பின்னரும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடனேயே நின்றன. அதனால் இப்பகுதி மக்களின் வாழ்வில் ஒரு விந்தை உண்டு. குமுளிச் சோதனைச் சாவடியைத் தாண்டி மலையிறங்கினால் கூடலூரும் கம்பமும் வந்துவிடும்; மக்கள் அதே மக்கள், மொழியும் அதே மொழி. ஆனால் மலைமேல் செல்லுபடியாவது 1960-ம் ஆண்டின் கேரளச் சூதாட்டச் சட்டம். அடிவாரத்தில் 1930-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பிறந்த சட்டம்.

இந்த மலைகளில் பிறந்து, இன்று மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ உத்தியோகம் பார்க்கும் நேயர்களுக்கு இச்சட்டங்களால் ஆவது என்ன என்று கேட்கலாம். ஊரில் தகப்பனார் கட்டிய வீடு ஒன்றோ, கடைத்தெருவில் ஓர் அறையோ பலருக்கு உண்டு. அதை உறவினர் பொறுப்பில் விட்டு, மாதந்தோறும் குடிக்கூலி வந்தால் போதுமென்றிருப்பது வழக்கம். அந்த அறையில் சூது நடந்தால் சொந்தக்காரருக்குப் பொறுப்பு உண்டா? அண்டை வீட்டார் அவரைக் கேட்க முடியுமா? இவ்விரு வினாக்களையே ஈண்டு ஆராய்வோம்.

இப்பக்கத்துச் சூது எத்தகையது என்று முதலில் பார்ப்போம். கேரள அரசின் லாட்டரி 1967-ல் தொடங்கப்பட்டது. அது சட்டப்படி நடப்பது. தமிழ்நாட்டிலோ 2003-ம் ஆண்டு சனவரியில் லாட்டரி விற்பனையே தடை செய்யப்பட்டுவிட்டது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒரு கள்ளத் தொழில் தழைத்துள்ளது. கேரள அரசுச் சீட்டில் பரிசு விழும் எண்ணின் இறுதி மூன்று இலக்கங்கள் எவை என்று பந்தயம் கட்டுவதே அது. மலையாளத்தில் 'எழுத்து லாட்டரி' என்பர். நம்மவர் 'மூணு நம்பர்' என்பர். இதற்கு அச்சிட்ட சீட்டு இல்லை. துண்டுத் தாளில் எண்ணை எழுதிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிற்பகல் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். தோட்டத்தில் கூலி வழங்கும் நாளன்று இவ்வியாபாரம் சூடு பிடிக்கும். கொழுந்து பறித்த கையில் வந்த கூலி வீடு வந்து சேருமுன் பாதியாகிவிட்டால், மறுநாள் அடுப்பு எரிவதற்குக் கடன் வாங்க வேண்டும். எழுதுவோன் இன்று கைபேசியைப் பயன்படுத்தினாலும், பணம் கைமாற ஓர் இடம் தேவை: தேநீர்க் கடையின் பின்னறை, பூட்டிக் கிடக்கும் கிடங்கு, வாடகைக்கு விட்ட மாடி. அந்த இடத்தைத்தான் சட்டம் தேடுகிறது. (கைபேசிக்குள்ளேயே நடந்து முடியும் சூது வேறு கதை, அதற்கென நாடாளுமன்றம் 2025-ல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.)

சூது ஆடுபவனைக் காட்டிலும் ஆட இடம் கொடுப்பவனே பெரிய குற்றவாளி என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பழைய கொள்கை. 1867-ம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டத்தைப் பாருங்கள். சூதாட்ட மனையில் அகப்பட்டவனுக்கு 100 ரூபாய் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. மனையை நடத்தியவனுக்கும், தன் வீடு அவ்வாறு பயன்படுவதைத் தெரிந்தே அனுமதித்த சொந்தக்காரனுக்கும் 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அக்காலத்தில் 200 ரூபாய் ஒரு குடும்பத்தையே ஆட்டிவிடும் தொகை. மும்பைக்கு உரிய 1887-ம் ஆண்டுச் சட்டம், தில்லியின் 1955-ம் ஆண்டுச் சட்டம், கர்நாடகத்தின் 1963-ம் ஆண்டுப் போலீஸ் சட்டம் ஆகியவற்றிலும் இதே கொள்கையைக் காணலாம். கேரளச் சட்டமும் தமிழ்நாட்டுச் சட்டமும் இடத்தை நடத்துபவரோடு, அவ்வாறு பயன்படுத்த விடுபவரையும் குற்றத்திற்குள் சேர்க்கின்றன.

ஆனால் எந்த வீடு 'பொதுச் சூதாட்ட மனை' ஆகும்? தீபாவளி இரவில் தில்லி நண்பர்கள் உங்கள் வீட்டில் கூடிச் சீட்டாடினால் உங்களைப் போலீசார் பிடிப்பார்களோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இடத்துக்கு உரியவர் அல்லது அதை நடத்துபவர் ஆட்டத்தினால் இலாபம் பெறுகிறாரா என்பதே உரைகல். சிகந்தராபாத்தில் ஒரு பொழுதுபோக்குக் கழகத்தின் மேல் தொடரப்பட்ட வழக்கில், 1967-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ரம்மி ஆட்டம் பெரிதும் திறமையைப் பொறுத்தது என்றும், சீட்டுக்கட்டுக்கு வாங்கும் அளவான கட்டணம் மட்டுமே சூதாட்ட மனை என்பதற்குச் சான்றாகாது என்றும் அது கூறியது. அதே மூச்சில், ரம்மியேயாயினும் வீட்டுக்காரரோ கழகமோ அவ்வாட்டத்திலிருந்து இலாபம் பெற்றால் குற்றம் நிலைபெறக் கூடும் என்றும் எச்சரித்தது. பல ஊர்களில் 'மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டிக்கொண்டவர்கள் தீர்ப்பின் முதற்பாதியை மட்டும் சட்டமிட்டுச் சுவரில் தொங்கவிட்டனர் போலும்!

அடுத்து வருவது பொதுத் தொல்லை பற்றிய சட்டம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனாதலால் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். 'நியூசன்ஸ்' என்ற சொல்லுக்குத் 'தொல்லை' என்பது நேர்ப் பொருளாயினும், சட்டத்தில் அது ஒருவரின் மனக்கசப்பைக் குறிப்பதன்று. பொதுமக்களுக்கோ, அக்கம்பக்கத்தில் வசிப்போர்க்கோ நேரும் ஊறு, அபாயம், இடையூறு ஆகியவற்றைக் குறிப்பது. 2024 சூலை முதல் நாள் தொட்டு நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ம் பிரிவு இதை வரையறுக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 268-ம் பிரிவுதான் அது. செயலால் மட்டுமன்றி, சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதாலும் ஒருவர் பொதுத் தொல்லைக்கு உரியவராவார் என்பது அதன் வாசகம். தொல்லையால் யாருக்கோ சிறிது நன்மையும் உண்டு என்பது மன்னிப்புக்குக் காரணமாகாது என்றும் அப்பிரிவு கூறுகிறது.

தண்டிப்பது ஒரு புறம். தொல்லையை நிறுத்துவது மற்றொரு புறம். பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ம் பிரிவின்படி, மாவட்ட மாஜிஸ்டிரேட்டோ கோட்ட மாஜிஸ்டிரேட்டோ, போலீசாரின் அறிக்கையையோ மற்றத் தகவலையோ கொண்டு, தொல்லையை நிறுத்துமாறு உத்தரவிடலாம். எதிர்த்தரப்பாரின் சமாதானத்தையும் கேட்க வேண்டும். இப்பிரிவு முன்னைய நடைமுறைச் சட்டத்தில் 133-ம் எண்ணில் இருந்தது. அதன் வலிமையை நாடறியச் செய்தவர் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். ரத்லாம் நகரத்துத் திறந்த சாக்கடைகளைப் பற்றிக் குடிமக்கள் முறையிட்ட வழக்கில், 'எங்களிடம் பணமில்லை' என்ற நகரசபையின் சமாதானத்தை அவர் 1980-ல் தள்ளினார். பொறுப்புடையவர் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது என்ற அக்கருத்து சாக்கடையோடு நிற்பதன்று.

எனினும் ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். சூது ஒழுக்கக்கேடு என்பதற்காக மட்டும் 152-ம் பிரிவு உதவிக்கு வராது. இரவெல்லாம் கூச்சல், குடித்தவர்களின் சச்சரவு, வழியை மறிக்கும் கூட்டம், பெண்கள் தண்ணீருக்குச் செல்ல அஞ்சும் நிலை என உடல்நலத்தையும் வாழ்க்கை வசதியையும் தாக்கும் செய்திகளை நாளும் நேரமும் இட்டுக் காட்ட வேண்டும். 'ஊரே கெட்டுவிட்டது' என்று எழுதப்படும் மனு எந்த மாஜிஸ்டிரேட்டையும் அசைப்பதில்லை.

வீட்டுக்காரரைப் பொறுத்தவரை எல்லாம் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது: 'தெரிந்து'. நான் தில்லியில் இருக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும் என்பதே அவரது அரண். அந்த அரணை உடைக்கும் கருவி ஓர் அஞ்சல் உறைதான். அக்கம்பக்கத்தார் சிலர் கையெழுத்திட்டு, இன்ன கதவெண் உள்ள கட்டடத்தில் இன்ன நாட்களில் இன்னது நடக்கிறது என்று எழுதி, ஒப்புகை பெறும் வகையில் விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டால், அந்நாள் முதல் அவர் அறியாதவர் அல்லர். நகலை ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பலாம். அதன் பின்னும் அவர் வாடகையை வாங்கிக்கொண்டு வாளாவிருப்பாராயின், தெரிந்து அனுமதித்தார் என்பதற்கு அக்கடிதமே முதற் சான்று. இது போதாதபோது, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ம் பிரிவின்படி இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, தமக்கெனத் தனி நட்டம் நேராவிடினும், பொதுத் தொல்லையை நிறுத்த வழக்கிடலாம்.

பிற நாட்டார் இதனினும் கடுமையான வழியைக் கண்டனர். அமெரிக்காவின் அயோவா மாநிலம் 1909-ல் விபசார விடுதிகளுக்கு எதிராக ஒரு சட்டம் செய்தது: சாதாரணக் குடிமகனே வழக்கிடலாம், கட்டடத்தையே மூடச் செய்யலாம். நம் நாட்டிலும் 1956-ம் ஆண்டின் விபசாரத் தடைச் சட்டத்தில், குடியிருப்பவரை வெளியேற்றவும், ஓராண்டுக் காலம் மாஜிஸ்டிரேட்டின் முன் ஒப்புதலின்றி அவ்விடத்தை வாடகைக்கு விடலாகாது என்று கட்டளையிடவும் வழி உண்டு. சூதாட்ட மனைக்கும் அதே விதியை நீட்டலாமே என்பார் உண்டு. எனக்கு அதில் தயக்கம் உண்டு. பீர்மேட்டு லயத்தில் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். குடியிருப்பவருக்கு வேலையும் கூரையும் ஒன்றே. 2000-ம் ஆண்டையொட்டி இவ்வட்டாரத் தோட்டங்கள் சில கைவிடப்பட்டபோது, கூலி நின்ற பின்னும் மக்கள் ஒழுகும் லயங்களிலேயே தங்கினர். அங்கே மகன் ஒருவன் சீட்டாடினான் என்பதற்காகக் குடும்பத்தை வெளியேற்றினால், இலாபம் பெற்றவன் தப்பிவிட, இழந்தவனே மீண்டும் இழப்பான்.

வாடகைக்கு விடும் நேயர்கள் ஒப்பந்தத்தில் இடத்தின் பயனைக் குறிப்பிட்டு, சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் குடித்தனம் முடிவுறும் என்று எழுதிக்கொள்வது நலம். சூதுக்கென்றே தெரிந்து விட்ட இடத்தின் வாடகைப் பாக்கியை நீதிமன்றத்தில் வசூலிக்க இயலாது. சட்டவிரோத நோக்கமுடைய ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்து 23-ம் பிரிவு. மும்பையில் உள்ளோர்க்கு 1999-ம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது: அண்டை வீட்டார்க்குத் தொல்லை தரும் குடித்தனக்காரரையும், சட்டவிரோதக் காரியத்துக்கு இடத்தைப் பயன்படுத்தித் தண்டனை பெற்றவரையும் வெளியேற்றுமாறு கோரலாம். ஊரிலிருந்து புகார்க் கடிதம் வந்து சேர்ந்தால், குடித்தனக்காரருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, அதன் நகலைக் காவல் நிலையத்துக்கும் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்க.