உலையும் விளக்கும்: இல்வாழ்வில் விசுவாசம் கற்றல்

இறையியல் பயின்று சிற்றூர்ச் சபைகளுக்குச் செல்லும் இளம் ஆயர்கள் அனைவரும் ஒரு வினாவை எதிர்கொள்ளுகின்றனர். வயலிலும் அடுக்களையிலும் தொழிற்சாலையிலும் நாளெல்லாம் உழைக்கும் மக்களுக்குத் தாம் கற்ற கோட்பாடுகளை எவ்வாறு எடுத்துரைப்பது என்பதே அவ்வினா. குடும்ப வாழ்விலிருந்து எளிய எடுத்துக்காட்டுகளைக் கையாளுங்கள் என்பது இதற்குப் பொதுவாகத் தரப்படும் விடை. விடை நல்லதே, ஆயினும் முழுமையானதன்று. ஏனெனில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒரு பாடத்திற்கு அணியாக மட்டுமே அது இல்வாழ்வைக் கருதுகின்றது. இல்வாழ்வு வெறும் அணியன்று. இறைவன் தம் மக்களோடு பேசும் இடங்களுள் அதுவும் ஒன்று. அவ்விடத்தில் ஆயர் முதலில் கேட்பவர், பின்னரே உரைப்பவர். இக்கருத்தைத் திருமறையின் ஒளியிலும் தமிழ்த் திருச்சபையின் மரபிலும் ஆராய்ந்து, புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர் வாழ்வோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திருமறையில் இல்லம்

பழைய ஏற்பாட்டில் விசுவாசக் கல்வி வீட்டிலேயே தொடங்குகின்றது. பஸ்காவை ஆசரிக்கும்போது அதன் பொருள் யாது எனப் பிள்ளைகள் வினவுவர் (யாத். 12:26). கட்டளைகளின் பொருளை மகன் கேட்பான் (உபா. 6:20). யோர்தானிலிருந்து எடுத்த கற்களைக் குறித்துப் பிள்ளைகள் கேட்பர் (யோசு. 4:6). இம்மூன்று இடங்களிலும் வரிசை ஒன்றே. முதலில் கண்ணால் காணும் ஒரு பொருள் அல்லது ஒரு செயல். அடுத்துப் பிள்ளையின் வினா. அதன் பின்னரே பெரியவரின் விடை. அவ்விடையும் கோட்பாட்டு விளக்கமாக அமையாமல், இறைவன் தம் மக்களை மீட்ட வரலாறாக அமைகின்றது. பிள்ளை வினவும் முன்னரே விடையை ஒப்புவிக்கச் செய்யும் நமது ஞாயிறுபள்ளி முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

நம் ஆண்டவரின் உவமைகளில் இல்லம் பெறும் இடத்தை அனைவரும் அறிவர். ஆயினும் அவற்றின் வலிமை அவர் வீட்டுப் பொருள்களைப் பயன்படுத்தியதில் மட்டும் இல்லை. வீட்டு வேலையை உள்ளபடி அறிந்திருந்ததில் உள்ளது. புளித்த மாவின் உவமையை எடுத்துக்கொள்வோம் (மத். 13:33). தமிழ்த் திருமறையில் "மூன்றுபடி" என்று படிக்கும் நாம், ஒரு குடும்பத்துக் காலை உணவுக்கு ஆட்டிய மாவு என்றே எண்ணிவிடுகின்றோம். மூலத்திலுள்ள அளவு நம் படியைவிடப் பன்மடங்கு பெரியது. ஒன்று ஏறத்தாழ 13 லிட்டர் கொள்ளும். எனவே அப்பெண் பிசைந்தது ஏறத்தாழ 40 லிட்டர் மாவு. நூறு பேருக்கும் மேல் பந்தி பரிமாறப் போதுமானது. அது தன் வீட்டாருக்கு மட்டும் சமைப்பவள் பிசையும் அளவன்று. பெரும் விருந்துக்கு மாவு கரைத்துப் பழகிய ஒரு பெண்ணிடம் இவ்வளவைச் சொன்னால், இது ஊருக்கே ஆன உணவு என்பதை அவர் உடனே உணர்ந்துகொள்வார்.

காணாமற்போன வெள்ளிக்காசின் உவமையும் அத்தகையதே (லூக். 15:8). அக்காசு ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கு இணையானது. வெளிச்சம் குறைந்த வீட்டில் பகலிலும் விளக்கு வேண்டும். மண்தரையில் விழுந்த காசைப் பெருக்கித்தான் எடுக்க வேண்டும். அவ்வதிகாரத்தில் மேய்ப்பனையும் தந்தையையும் குறித்து எத்தனையோ அருளுரைகளைக் கேட்டிருக்கிறோம். அவ்விருவருக்கும் இடையில் விளக்கும் துடைப்பமுமாய் நிற்கும் பெண்ணைக் குறித்துக் கேட்டவை மிகச் சில. இழந்துபோனதைத் தேடும் இறைவனுக்கு அவளும் சாயலாக நிற்கின்றாள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும் பவுலும் அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகின்றார் (2 தீமோ. 1:5). பாட்டி என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் வருவது அவ்வோரிடத்தில்தான். இன்று நம் சிற்றூர்களில் தாய் வேலைக்குச் செல்ல, பேரப் பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் பலர் உள்ளனர். அவர்களும் விசுவாச ஆசிரியர்கள் என்பதை நாம் போதிய அளவு உணர்ந்திருக்கிறோமா?

2. திருச்சபையின் மரபில்

துறவு வாழ்வே உயர்ந்தது என்னும் எண்ணம் ஓங்கியிருந்த காலத்தில், மார்ட்டின் லூத்தர் 1522ஆம் ஆண்டு திருமண வாழ்வைக் குறித்து ஒரு நூல் எழுதினார். குழந்தையின் அழுக்குத் துணிகளை விசுவாசத்தோடு துவைக்கும் தந்தையைக் கண்டு உலகம் நகைத்தாலும் இறைவன் மகிழ்கின்றார் என்பது அதில் அவர் கூறும் கருத்து. தமிழ் மரபிலும் திருக்குறளின் அறத்துப்பால் துறவறத்திற்கு முன்னதாக இல்லறத்தை வைத்துப் பேசுவதை நாம் அறிவோம்.

தமிழ்த் திருச்சபையில் இந்நெறிக்கு நீண்ட வரலாறு உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கற்றோருக்கான இலக்கிய வகைகளோடு நின்றுவிடாமல், நீர் இறைப்போர் பாடும் ஏற்றப்பாட்டின் வடிவில் ஞான ஏற்றப்பாட்டையும் இயற்றினார். பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975) இறையறிவுக்குரிய பிரமாணங்களாகத் திருமறை, திருச்சபை, பகுத்தறிவு ஆகியவற்றோடு அனுபவத்தையும் சேர்த்து எண்ணினார். அனுபவம் தனித்து நிற்பதன்று. மற்ற மூன்றோடும் உரையாடி நிற்பது என்பது அவ்வரிசையிலேயே விளங்கும்.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருள்திரு ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005) இதனை மேலும் ஒரு படி முன்னெடுத்தார். பரட்டை என்னும் பெயரால் அறியப்பட்ட அவர், கிராமிய இசையில் வழிபாட்டு முறையை அமைத்தார். இறைவனைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான இச்சொல்லை அவர் அகராதியில் தேடவில்லை, வீட்டுப் பேச்சிலேயே கண்டார். அவருடைய இறையியலின் மையக் கருத்துகளுள் ஒன்று ஒரே உலை என்பது. ஒரே உலையில் பொங்கி உண்போர் ஒரு குடும்பத்தார். உலை வேறாயின் குடும்பமும் வேறாயிற்று என்பது நம் மக்கள் வழக்கு. சாதியால் உலைகள் பிரிந்து கிடக்கும் ஊரில், இறைவன் ஒருவரே பெற்றவர் என்றால் உலையும் ஒன்றாக வேண்டும் என்று அவர் கற்பித்தார். ஒரு வீட்டுப் பொருளை உள்ளபடி நோக்கியதால் சமூகத்தையே தீர்ப்பிடும் சொல் பிறந்ததை இங்குக் காண்கிறோம்.

3. வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்களில்

புதுச்சேரி வட்டாரத்தின் ஐந்து கொம்யூன்களுள் வில்லியனூரும் பாகூரும் இரண்டு. பாகூர் அதன் ஏரிக்கும் நெல்வயல்களுக்கும் பெயர்பெற்றது. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அக்காலத்திலும் கல்விக்குச் சோறிட்டது உழுவோரின் உழைப்பே. இறையியல் கற்றோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இன்று இச்சிற்றூர்களின் இல்வாழ்வு உழவு மட்டுமன்று. பிள்ளைகள் பேருந்தில் நகரத்துக் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். சேதராப்பட்டு போன்ற தொழிற்பேட்டைகளுக்கு ஆணும் பெண்ணும் முறைமாற்றி வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே, பசியிலும் விதைநெல்லை உண்ணாமல் காத்த பழைய குடும்பங்களை மட்டுமே எடுத்துக்காட்டும் ஆயர், இரவுப் பணி முடித்து ஞாயிறு காலை ஆலயத்தில் கண்ணயரும் இளைஞனுக்கு எட்டாதவராகின்றார். அன்றாடம் என்பது இன்றைய அன்றாடமாக இருத்தல் வேண்டும்.

இன்றைய அன்றாடத்திலிருந்து இரண்டைக் காண்போம். முதலாவது, கடன். மகளிர் குழுக்களின் வழியே பெறும் கடன் பல வீடுகளின் வாரக்கணக்கை ஆளுகின்றது. கூட்டுப் பொறுப்பில் பெற்ற கடனாயின், ஒருவர் தவணை தவறும்போது மற்றவர்கள் அதனைச் சுமக்க வேண்டும். இத்தகைய பெண்களிடம் மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையைக் கணக்கோடு சொல்லிப் பாருங்கள். ஒரு தாலந்து 6,000 நாள் கூலிக்கு இணை. 10,000 தாலந்து ஆறு கோடி நாள் கூலி. உடன்வேலைக்காரன் பட்டதோ 100 நாள் கூலி. நூறு நாள் கூலியும் சிறிய தொகையன்று என்பதைத் தவணை கட்டுவோர் அறிவர். மன்னிப்பு எளிதன்று, அதற்கு விலை உண்டு என்னும் உண்மையை அவர்களே நமக்குக் கற்பிக்கின்றனர். ஒருவர் சுமையை ஒருவர் சுமத்தல் என்பதன் ஆறுதலையும், அச்சுமை அவமானமாக மாறும் வேளையையும் அவர்கள் ஒருங்கே அறிந்தவர்கள்.

இரண்டாவது, வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்து வந்த நாள்களில் சாத்தனூர் அணையின் உபரிநீர் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை பெருக, பாகூர்ப் பகுதியின் ஆற்றோரச் சிற்றூர்களில் நீர் புகுந்தது. அடுப்பு நனைந்த குடும்பங்கள் பொதுவில் சமைத்த உணவை உண்டன. இங்கே இறைவனின் பராமரிப்பைக் காண்பது முறையே. ஆனால் நீர் வடிந்தபின் எழும் வினாவே கூர்மையானது: அவ்வுலை மீண்டும் ஊர் உலை, காலனி உலை எனப் பிரிந்துவிட்டதா? திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர், ஒருவர் வீட்டில் மற்றொருவர் கை நனைக்கின்றனரா? கொரிந்து சபையில் பவுல் கண்டித்ததும் இதுவே (1 கொரி. 11:20–22). பேரிடரில் கற்றதைத் திருவிருந்தில் மறந்துவிடுவோமாயின், நாம் பாடம் கேட்டோமேயன்றிக் கற்றோமில்லை.

4. சில எச்சரிக்கைகள்

இல்வாழ்வை இறைவன் பேசும் இடம் என்கிறோம். இல்லத்தில் நடப்பன எல்லாம் இறைவனின் சித்தம் என்று கூறவில்லை. இவ்வேறுபாடு மறக்கப்படும் இடத்தில் பெருந்தீங்கு விளைகின்றது. குடியால் சிதைந்த வீட்டில் அடிபடும் மனைவியிடம் பொறுமையே சிலுவை என்று போதித்தால், ஆண்டவர் தாமே ஏற்ற சிலுவையை மற்றொருவர்மீது நாம் சுமத்துகிறோம். அன்னையர் ஞாயிறன்று தாய்மையின் தியாகத்தை மட்டுமே புகழ்ந்தால், மகப்பேறு இல்லாத பெண்ணும், தாயால் கைவிடப்பட்ட பிள்ளையும், மணமாகாதோரும் ஆலயத்திலேயே அயலாராகின்றனர். தந்தையாம் இறைவன் என்னும் சொல், தந்தையைக் கண்டு அஞ்சி வளர்ந்த பிள்ளையின் செவியில் எவ்வாறு விழும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆகார், தாமார், யெப்தாவின் மகள் ஆகியோரின் வரலாறுகளை மறைக்காத திருமறை, இல்லத்தின் காயங்களையும் மறைக்கவில்லை.

மேலும், துன்பத்திற்கு உடனே பாடம் காண விரைதல் ஆகாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாதிருந்தவரை நல்ல ஆயர்களாக இருந்தனர். பாடம் சொல்லத் தொடங்கியபின்னரே பிழைபட்டனர்.

5. ஆயருக்குச் சில நெறிகள்

முதலாவது, இல்லச் சந்திப்பின்போது செபித்துவிட்டு உடனே எழுந்துவிடாமல் கேட்கப் பழகுதல் நன்று. இந்த வாரம் உங்கள் வீட்டில் பெரும் பாரமாயிருந்தது எது, மகிழ்ச்சியாயிருந்தது எது என்னும் இரு வினாக்கள் போதும். இரண்டாவது, பேசப்போகும் வேலையை அவ்வேலையைச் செய்வோரிடமே கேட்டறிதல் வேண்டும். நாற்று நடவைப் பற்றிப் பேசுமுன் நட்ட கைகளிடம் கேளுங்கள். மூன்றாவது, நம்பிக் கூறப்பட்டதை அருளுரையில் எடுத்துரையாதீர்கள். பெயரை மறைத்தாலும் சிற்றூரில் ஆளை அனைவரும் அறிவர். தம் சொந்த மனைவி மக்களின் செய்திகளையும் அவர்களது இசைவின்றி ஆயர் பேசலாகாது. நான்காவது, கண்ட பாடத்தைச் சிலுவையின் முன் நிறுத்திச் சோதித்தல் வேண்டும். அது எளியோரை எழுப்புகின்றதா, அல்லது அவர்கள் தலைமீது மற்றொரு சுமையை வைக்கின்றதா? ஐந்தாவது, மக்களே தங்கள் அனுபவத்திற்குப் பொருள் காண இடந்தருதல் வேண்டும். மாதத்தில் ஒரு வீட்டுக் கூட்டத்திலாவது திருமறைப் பகுதியைப் படித்தபின் ஆயர் அமைதி காத்து, உழைப்போர் பேசும்படி விடலாம்.

முடிவுரை

எம்மாவு வழியில் சீடர் இருவருக்கும் உயிர்த்த ஆண்டவரே மறைநூலை விளக்கினார். அவர்கள் உள்ளம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஆயினும் அவரை அவர்கள் அறிந்துகொள்ளவில்லை. மாலை வேளையில், வீட்டுப் பந்தியில், விருந்தினராய் வந்தவர் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தபோதே அவர்கள் கண்கள் திறக்கப்பட்டன (லூக். 24:30–31). வழியில் கேட்ட விளக்கம் வீண்போகவில்லை; அது பந்தியில் நிறைவெய்தியது. இறையியல் கல்லூரிகள் நமக்கு முதலாவதைக் கற்பிக்கின்றன. இரண்டாவதைக் கற்க நாம் பாகூரிலும் வில்லியனூரிலும் மக்களின் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்தாக வேண்டும். அங்கே அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பவர் நாம் அல்லர். நமக்கு முன்னரே அவர் அங்கு விருந்தினராய் வந்திருக்கின்றார்.