வயிற்றுப் பை ஒழுகினால் என்ன செய்வது?

பெரியாஸ்பத்திரியில் குடல் ஒப்பரேஷன் செய்து, வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பி வந்தவர்கள் நமது தோட்டங்களில் இருக்கிறார்கள். ஒருவருக்குக் குடலில் புற்றுநோய். இன்னொருவருக்குக் குடலில் ஓட்டை விழுந்து அவசரமாக வெட்டியிருப்பார்கள். மற்றொருவருக்கு விபத்து. சிலருக்குச் சில மாதங்களில் மீண்டும் ஒப்பரேஷன் செய்து மூடிவிடுவார்கள். சிலருக்கு ஆயுள் முழுவதும் பைதான்.

காயம் ஆறி, சாப்பாடு பிடித்து, உடம்பு தேறிய பிறகும் இவர்களில் பலர் வாசலைத் தாண்டுவதில்லை. பெரட்டுக்கு வருவதில்லை, கோயிலுக்கு வருவதில்லை, சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கும் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நோவைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். "பை ஒழுகுதுங்க. நாலு பேர் மத்தியில ஒழுகிட்டா மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே இம்முறை இந்தப் பக்கத்தை அந்த ஒழுக்குக்கே ஒதுக்கியிருக்கிறோம். வாசிக்க வெட்கப்பட வேண்டாம். பை ஒழுகினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுகொண்டால் பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.

முதலில் குடல்வாய் என்றால் என்ன என்று பார்ப்போம். குடலின் நுனியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்திருப்பார்கள். அதுதான் குடல்வாய், ஆஸ்பத்திரியில் ஸ்டோமா என்பார்கள். நமது வாயின் உட்புறம் போலச் சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். துடைக்கும்போது இலேசாக இரத்தம் கசியலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். அதற்கு நோவு தெரியாது. ஆகையால் ஏதாவது உரசி வெட்டினாலும் நமக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். பெருங்குடலில் வைத்திருந்தால் மலம் ஓரளவு கெட்டியாக வரும். சிறுகுடலில் வைத்திருந்தால் கஞ்சி போல, தண்ணீர் போல வரும். அது தோலில் பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி எரியும், தோலை அரித்துவிடும். உங்களுக்கு எந்தக் குடலில் வைத்திருக்கிறார்கள் என்பதை டொக்டரிடமோ தாதியிடமோ கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றிய தட்டைத் திருப்பிப் பாருங்கள்

பையின் பின்பக்கம் தோலோடு ஒட்டுகிற தட்டு இருக்கிறதல்லவா? பையை மாற்றும்போது நம்மவர்கள் அதை முகத்தைச் சுளித்துக்கொண்டு உடனே சுருட்டி எறிந்துவிடுகிறார்கள். எறிவதற்கு முன் ஒருதரம் திருப்பிப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி எந்தப் பக்கத்தில் மலம் ஓடிப்போன தடம் இருக்கிறது? ஒழுக்கு அந்தப் பக்கத்தால்தான் ஆரம்பமாகியிருக்கும்.

தடம் சுற்றிவர எல்லாப் பக்கமும் இருந்தால், அநேகமாக ஓட்டையின் அளவு பிழை. ஒப்பரேஷன் முடிந்த புதிதில் குடல்வாய் வீங்கியிருக்கும். அடுத்த ஆறு முதல் எட்டு வாரங்களில் அது சுருங்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அதே அளவில் மாதக்கணக்காக வெட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அப்போது குடல்வாய்க்கும் தட்டுக்கும் இடையில் வெறும் தோல் தெரியும். மலம் அதில் பட்டுத் தோல் புண்ணாகும், புண்ணில் நீர் கசியும், ஈரத்தில் தட்டு ஒட்டாது, மறுபடியும் ஒழுகும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டவர்களைத்தான் நாங்கள் அதிகம் காண்கிறோம். முதல் இரண்டு மாதத்துக்கு வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். ஓட்டை, குடல்வாயைவிடச் சுற்றிவர இரண்டு மூன்று மில்லிமீட்டர், அதாவது ஒரு நெருப்புக்குச்சியின் தடிப்பு அளவு மட்டும் பெரிதாக இருந்தால் போதும். சரியான அளவு வந்ததும் தேயிலைப் பெட்டி அட்டையில் அதே வட்டத்தை வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதை வைத்துக் கீறி வெட்டலாம்.

தடம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அங்கே தோலில் மடிப்போ பள்ளமோ இருக்கும். படுத்துக்கொண்டு பார்த்தால் தெரியாது. உட்கார்ந்து, குனிந்து, கண்ணாடியில் பாருங்கள். அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்கென்றே பசையும் வளையமும் இருக்கின்றன. குடல்வாய் உள்ளே அமுங்கியிருந்தால் குவிந்த தட்டும் இடுப்புப் பட்டியும் தேவைப்படும். இவற்றைத் தாதி பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாமாகப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

ஒட்டும் விதம்

விடியற்காலையில், ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும்போது மாற்றுவது நல்லது. அந்நேரம் குடல் அமைதியாக இருக்கும். வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும். சவர்க்காரம் போட்டால் நன்றாகக் கழுவி எடுத்துவிடுங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி, தோலை முழுதாகக் காய வையுங்கள். தேங்காயெண்ணெய், பாம், கிறீம், முகத்துக்குப் போடும் பவுடர், டெட்டோல், ஸ்பிரிட் ஒன்றும் வேண்டாம். "எண்ண தடவினா எரிவு கொறையும்" என்று பெரியம்மாமார் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் எண்ணெய்த் தோலில் தட்டு ஒட்டாது. தோல் சிவந்து ஈரமாக இருந்தால் அதற்கென்று ஸ்டோமா பவுடர் இருக்கிறது. மெல்லியதாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஒட்டுங்கள்.

குளிரையும் சொல்ல வேண்டும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் தட்டு விறைத்துப்போகும். விறைத்த தட்டு சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்கு முன் பத்து நிமிடம் கக்கத்தில் வைத்துச் சூடாக்குங்கள். அடுப்பில் காட்டக் கூடாது. ஒட்டியபின் உள்ளங்கையால் சில நிமிடம் பொத்திப் பிடித்துக்கொண்டு இருங்கள். அவசரப்படுகிறவர்களுக்குத்தான் அன்று பத்து மணித் தேத்தண்ணிக்குள் ஒழுகும். இரத்தினபுரி, காலிப் பக்கத்தில் கதை வேறு. அங்கே சூட்டிலும் வியர்வையிலும் பசை சீக்கிரம் இளகும், ஒரு நாள் முந்தியே மாற்ற வேண்டி வரும். புதுப் பைகளைத் தகரக் கூரைக்கு அடியில் சொருகி வைக்காதீர்கள்.

பை மூன்றில் ஒரு பங்கு, கூடினால் பாதி நிரம்பியதும் வெறுமையாக்கிவிட வேண்டும். நிரம்பிய பையின் பாரம் தட்டை இழுத்துக் கழற்றும். காற்றுப் பிடித்து ஊதினாலும் அப்படியே. காற்றை அடிப்பக்கத்தால் திறந்து விடுங்கள். ஊசியால் குத்தி ஓட்டை போட்டால் பிறகு மணமும் நிற்காது, மலமும் நிற்காது. சாதாரணமாக வாரத்துக்கு இரண்டு முறை தட்டு மாற்றுவது வழக்கம். ஆனால் தட்டுக்கு அடியில் அரித்தாலோ எரிந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். மலம் வெளியே வருவதற்கு முன்பே அது உள்ளே தோலைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மேலே பிளாஸ்டர் ஒட்டி ஒழுக்கை மறைக்கக் கூடாது. மறைத்தால் மலம் தோலுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்று அரிக்கும். பை விலை கூடின சாமான், மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கும். ஆனால் தோல் புண்ணாகிவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு பை போய்விடும். அதில் மிச்சம் எங்கே?

பட்டினி கிடக்க வேண்டாம்

சிறுகுடலில் பை வைத்த ஓர் அக்கா, கொழுந்து பறிக்கிறவர், பை நிரம்பக் கூடாது என்று காலையிலிருந்து அந்தி வரை வாயில் ஒன்றும் போடாமல் மலைக்குப் போய் வந்தார். தேத்தண்ணி கூட இல்லை. ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் எழும்பினார். சிறுகுடல் பை, சாப்பிடாவிட்டாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வயிறு காலியானால் இன்னும் தண்ணீராகவும் காற்றாகவும் வரும், ஒழுக்கு கூடும். சோறு, உருளைக்கிழங்கு, ரொட்டி, பழுத்த வாழைப்பழம் ஆகியவை மலத்தைக் கொஞ்சம் இறுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்கு நேரம் சாப்பிடுங்கள். பருப்பு, கோவா, முள்ளங்கி, வெங்காயம் காற்றை உண்டாக்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் குறைத்துக்கொண்டால் போதும், ஒரேயடியாக விட வேண்டாம். தேங்காய்ப்பூ, சோளம், பலாக்காய் போன்றவற்றை நன்றாக மெல்லாமல் விழுங்கினால் சிறுகுடல் பைக்காரர்களுக்கு அடைப்பு வரலாம். தண்ணீரோடு உப்பும் உடம்பை விட்டுப் போகிறது. ஆகவே வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புக் கஞ்சியோ ஜீவனியோ வேண்டும். பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்டுக் குடியுங்கள்.

மலையிலும் லயத்திலும்

கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் படங்கு கட்டி மேலே கயிற்றால் இறுக்குவார்கள். அந்தக் கயிறு குடல்வாய்க்கு நேராக வந்தால் மலம் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் பிதுங்கும். உள்பாவாடை நாடா, சாரம், பெல்ட் எல்லாவற்றுக்கும் இதுவே கதை. ஒன்றில் மேலே கட்டுங்கள், அல்லது கீழே கட்டுங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு டொக்டர் சொல்லும்வரை பாரம் தூக்கக் கூடாது. உர மூட்டையும் மருந்தடிக்கும் டாங்கியும் ஆகவே ஆகாது. வயிற்றுத் தசை கிழிந்து குடல்வாயைச் சுற்றி வீங்கினால் பிறகு எந்தத் தட்டும் சரியாக உட்காராது. "இலேசான வேலை" என்று டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கி வந்து எங்களிடம் தாருங்கள். துரையிடம் நாங்கள் பேசுகிறோம். என்ன வருத்தம் என்று கங்காணிக்கு நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வெளியே போகும்போது ஒரு சிறிய பேக்கில் அளவாக வெட்டிய பை ஒன்று, ஈரத் துணி, காய்ந்த துணி, ஒரு போத்தல் தண்ணீர், இரண்டு சொப்பின் பேக், மாற்று உடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறுவதற்கு முன் பையை வெறுமையாக்குங்கள். படுக்கைக்குப் போகும் முன்னும் அப்படியே.

ஒற்றைக் காம்பராவில் ஆறேழு பேர் இருக்கும் வீட்டில் பை மாற்ற மறைவிடம் கிடைப்பது கஷ்டம். ஒரு மூலையில் சேலைத் திரை கட்டி, அந்த அரை மணி நேரத்துக்குப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். அவர்களிடம் விஷயத்தை மறைக்க வேண்டாம். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். மலத்தைக் கக்கூஸில் கொட்டுங்கள். பையைக் கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும், கானில் போட்டால் நாய் இழுக்கும். கடதாசியில் சுற்றி, சொப்பின் பேக்கில் கட்டி, குப்பைக் குழியில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

இது தொற்று வியாதி அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். "தீட்டு, கோயிலுக்கு வரக் கூடாது" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நமக்கும் வயிற்றுக்குள் அதேதான் இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போதுள்ள ஒட்டும் பை வந்த கதையும் இந்தப் பயத்தில்தான் ஆரம்பமாகிறது. டென்மார்க் நாட்டில் எலிஸ் சோரன்சன் என்ற தாதியின் சகோதரி தோராவுக்கு இந்த ஒப்பரேஷன் நடந்தது. ஒழுகிவிடும் என்ற பயத்தில் அவர் வெளியே போகவே மறுத்தார். அவருக்காக 1954இல் எலிஸ் யோசித்ததுதான் தோலில் ஒட்டி, கழற்றி எறியக்கூடிய பை. உலக ஸ்டோமா தினம் என்றே ஒரு நாள் 1993 முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒக்டோபர் மாத முதல் சனிக்கிழமையில் வருகிறது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? குடல்வாய் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால். இரத்தம் நிற்காமல் வந்தால். பையில் ஒன்றும் வராமல் வயிற்று நோவும் வாந்தியும் இருந்தால். குடல்வாய் திடீரென்று நீளமாக வெளியே தள்ளினால். தண்ணீராகவே ஓடி, தலை சுற்றி, சிறுநீர் குறைந்தால். இவற்றுக்கு கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி வாகனம் கேளுங்கள்.

மற்றப்படி ஒழுக்கு இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப வந்தால், கடைசியாகக் கழற்றிய தட்டை எறியாமல் சொப்பின் பேக்கில் கட்டி கிளினிக்குக் கொண்டுபோய்த் தாதியிடம் காட்டுங்கள். தமிழில் சொல்லி விளங்கப்படுத்த முடியாத இடத்திலும் அந்தத் தட்டு விஷயத்தைச் சொல்லிவிடும். கிளினிக் துண்டைத் திரும்பி வந்ததும் தோட்ட ஒபிசில் கொடுங்கள்.