கடையைத் தேடி வருபவர் திரும்பிப் போகலாமா?

வியாபாரம் குறைந்துவிட்டது என்ற பேச்சு இல்லாமல் நம் சங்கக் கூட்டம் எதுவும் முடிவதில்லை. பெரிய அங்காடிகள், செல்போனில் கேட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கம்பெனிகள் என்று காரணங்களை அடுக்குகிறோம். அவை உண்மைதான். ஆனால் நம்மையே தேடி வருகிறவருக்கு நம் கடை கண்ணில் படுகிறதா? இதை உபதேசமாகச் சொல்லவில்லை. நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு சமையல் காண்டிராக்டர் கல்யாணச் சரக்கு எடுக்க வந்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் எல்லாம் சேர்ந்த பெரிய சிட்டை. கையிலிருந்த என் பழைய பில்லைப் பார்த்துப் போன் செய்திருக்கிறார். அந்த எண் மாறி வெகுநாளாயிற்று. பிறகு செல்போன் வரைபடத்தை நம்பி வந்தார். அது அவரை வேகவதி ஆற்றின் மறுகரையில் ஒரு சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அரைமணி நேரம் வண்டியோடு சுற்றிவிட்டு, வழியில் கண்ட வேறொரு கடையில் சரக்கைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் நேரில் பார்த்தபோது அவரே சொன்னார். வரைபடத்தில் என் கடையை அந்த இடத்தில் குறித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. நான் குறிக்கவில்லை, அதனால் யாரோ குறித்துவிட்டார்கள். அச்சடித்த பில் புத்தகம் வீணாகக் கூடாது என்று பழைய எண்ணோடு எழுதிக் கொடுத்ததும் என் தவறுதான். எங்கள் ஊரின் 04112 குறியீடு 044 ஆனபோதும் பலர் இதையே செய்தோம்.

எங்கள் ஊருக்கே பெயர்த் தொல்லை உண்டு. நாங்கள் திருப்பருத்திக்குன்றம் என்கிறோம். வரலாறு படித்தவர்கள் ஜினகாஞ்சி என்கிறார்கள். திரிலோக்கியநாதர் கோயிலின் கூரை ஓவியங்களைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் ‘ஜெயின் டெம்பிள்’. ஆங்கிலத்தில் எழுதினாலோ ஆளுக்கு ஓர் எழுத்துக் கணக்கு. இத்தனையில் எதைச் சொல்லித் தேடுவார் என்பது நம் கையில் இல்லை. ஆகவே விலாசம் எழுதும்போது ஊர்ப் பெயரோடு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தையும் எழுதவேண்டும்.

கடைக்கும் அப்படியே. பலகையில் சாமி பெயரோ அப்பா பெயரோ போட்டிருப்போம். தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘வேப்பமரத்துக் கடை’, ‘மாடிப்படிக் கடை’ என்றுதான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். என்னிடம் நெடுங்காலமாகச் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக்காரர் உள்தெருவில் கடை வைத்திருக்கிறார். இரண்டு தெரு தள்ளிப் புது வீடுகள் வந்தும் அவருக்கு வியாபாரம் ஏறவில்லை. வாரம் ஒருமுறை எடுக்கும் சரக்கை மாதம் இருமுறை ஆக்கிவிட்டார். கடையைக் கைமாற்றிவிடலாமா என்று என்னிடமே யோசனை கேட்டார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய ஒரு அம்மா, “அண்ணே, இங்க ஒரு கடை இருக்கறதே எங்களுக்குத் தெரியாது. தீப்பெட்டிக்குக்கூட மெயின் ரோடு போறோம்” என்றாராம்.

போய்ப் பார்த்தேன். பலகை சுவரோடு ஒட்டி இருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால்தான் படிக்க முடியும்! தெருமுனையிலிருந்து வருகிறவருக்குத் தெரிய, குறுக்காக நீட்டி ஒரு சின்னப் பலகை வைக்கச் சொன்னேன். அதில் சாமி பெயருக்குக் கீழே ‘வேப்பமரத்துக் கடை’ என்றும் எழுதவைத்தோம். மரத்தை வெட்டி ஐந்தாறு வருஷம் ஆகிறது, அது வேறு விஷயம். பிறகு பெயர், எண், திறக்கும் நேரம் மூன்றையும் துண்டுச்சீட்டில் அடித்து, பையன் புது வீடுகளில் கொடுத்துவிட்டு வந்தான். மெல்லத்தான் ஆள் வந்தது. இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை சரக்கு எடுக்கிறார். பழைய அளவு இன்னும் வரவில்லை. கைமாற்றும் பேச்சை மட்டும் விட்டுவிட்டார்.

பலகை மாற்றும்போது சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன்படி தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் வாசல் பலகையில் பதிவு எண்ணை எழுதவேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு விதி. உணவுப் பொருள் விற்கும் நாம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறை. எப்படியும் அச்சுக்குக் கொடுக்கிறோம். சரியான செல்போன் எண்ணும் அதிலேயே ஏறட்டும்.

கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்க்கக் காசு இல்லை. அது நம்முடைய கடைதான் என்று காட்ட, கடையை வீடியோ எடுத்து அனுப்பும்படி கேட்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை செய்து கொடுத்துவிடும். இதற்காக யாராவது போனில் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விடுமுறை நாளையும் நேரத்தையும் சரியாகப் போடுங்கள். திறந்திருக்கிறது என்று நம்பி வந்து பூட்டைப் பார்த்துப் போனவர் மறுபடி வருவது கடினம்.

2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் காஞ்சிபுரம் வந்தார்கள். வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்த கூட்டம் அது. தெரிந்த கடைக்குக்கூட வழி தெரியாமல் திகைத்தவர்கள் உண்டு. பட்டுக்கடைகளுக்கு ஆள் கூட்டிவரக் கமிஷன் வாங்குபவர்கள் நம் ஊரில் உண்டு; மளிகைக்கு அந்தக் கமிஷன் கட்டுமா? நம் வழியை நாமேதான் எழுதி வைக்கவேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நம் தெருவை அறியாத வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவரிடம் உங்கள் பில்லை மட்டும் கொடுத்து, பஸ் நிலையத்திலிருந்து கடைக்கு வரச் சொல்லுங்கள். நான் என் மைத்துனரை வரச்சொன்னேன். புது பில், திருத்திய வரைபடம் எல்லாம் இருந்தும் இரண்டு இடத்தில் நின்று கேட்டுத்தான் வந்தார். அந்த இரண்டு இடத்திலும் அம்புக்குறி போட்ட தகடு வைக்க, இடத்துக்காரர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.