சொசேஜுக்குள் இருப்பது எந்த இறைச்சி?

முழு இறைச்சியாக வாங்கினால் மாடா, ஆடா என்று நம் பெண்களுக்குக் கண்ணே சொல்லிவிடும். அதையே அரைத்து, தூள் சேர்த்து, சொசேஜாகவும் மீட்போல்ஸாகவும் ஆக்கிவிட்டால் கண்ணும் நாக்கும் தோற்றுவிடுகின்றன. வதந்தி பிறப்பதும் அங்கேதான்.

நுரைச்சோலையில் நான் சந்திக்கும் சகோதரிகள் பலர் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்தினர். சிற்றுண்டி செய்து கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "சொசேஜில பண்டி இறைச்சி கலக்கிறாங்க எண்டு ஒரு கதை வந்தாலே என்ட பணிஸை ஒருத்தரும் வாங்கமாட்டாங்க மிஸ். உண்மையைக் கண்டுபிடிக்க வழியில்லையா?"

வழி இருக்கிறது. ஒவ்வொரு விலங்கின் கலத்திலும் அதற்கே உரிய டீ.என்.ஏ. உண்டு. கொரோனாக் காலத்தில் நாம் அறிந்த பீ.சீ.ஆர். பரிசோதனை, அதன் சிறு துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கிக் காட்டும். புரதத்தை வைத்து அறியும் எலைசா முறையும் உண்டு. ஆனால் சமைக்கும்போது புரதம் உருமாறிவிடும், டீ.என்.ஏ. அதைவிடச் சூட்டைத் தாங்கும்.

2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, 27 மாட்டிறைச்சி பேகர் வகைகளின் பரிசோதனை முடிவை வெளியிட்டது. 10 வகைகளில் குதிரையின் டீ.என்.ஏ.யும் 23 வகைகளில் பன்றியின் டீ.என்.ஏ.யும் இருந்தன. ஒன்றில் இறைச்சியின் 29 வீதம் குதிரை!

பரிசோதனை பழியையும் துடைக்கும். 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சி பிடிபட்டது. வால் நீளமாக இருந்ததால் நாய் இறைச்சி என்று கதை பரவியது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி பரிசோதித்து, அது ஆட்டிறைச்சி என்று உறுதி செய்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பரிசோதனை எந்த விலங்கு என்றே சொல்லும். ஹலாலாக அறுக்கப்பட்டதா என்று சொல்லாது. ஒரே இயந்திரத்தில் அரைத்ததால் ஒட்டிய சிறு அளவும் அதில் தெரியவரும்.

சந்தேகம் வந்தால் பொதியை வீசிவிடாதீர்கள். லேபல், தொகுதி இலக்கம், கடைச் சிட்டை ஆகியவற்றோடு எம்.ஓ.எச். அலுவலகத்திலுள்ள பீ.எச்.ஐ.யிடம் முறையிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி அவர் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். விற்கும் சகோதரிகளே, வாங்கிய சிட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். நாளை ஒரு கதை கிளம்பினால் உங்களுக்காகப் பேசப்போவது அவைதான்.