அந்தக் கருவி இன்னும் அலமாரியில் இருக்கிறதா?

2021 ஜூலையில் சிங்கப்பூரின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னக் கருவி இலவசமாகக் கிடைத்தது. துணி காயப்போடும் கிளிப்பைப் போல இருக்கும். விரலை நுழைத்தால் ரத்தத்தில் உள்ள உயிர்வாயு அளவையும் நாடித் துடிப்பையும் காட்டும். தெமாசெக் அறநிறுவனம் வழங்கிய அந்த ஆக்சிமீட்டர், கொவிட்-19 தணிந்த பிறகு பல வீடுகளில் பழைய முகக்கவசப் பெட்டியோடு அலமாரிக்குள் போய்விட்டது. அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இனி அதற்கு வேலை அதிகம்.

கொவிட் நேரத்தில் சிலருக்கு மூச்சுத்திணறலே தெரியாமல் உயிர்வாயு அளவு இறங்கியது. கைப்பேசியில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே நுரையீரல் தடுமாறிக்கொண்டிருக்கும். அதனால்தான் வீட்டிலேயே குணமடையச் சொன்னவர்களிடம் அந்த எண்ணைக் கவனிக்கச் சொன்னார்கள்.

அப்போது அவசரத்தில் கற்றுக்கொண்ட பாடம் இப்போது வழக்கமான சேவையாகிவிட்டது. 'எம்ஐசி அட் ஹோம்' எனப்படும் இல்ல மருத்துவமனைத் திட்டம் 2024 ஏப்ரலிலிருந்து பொது மருத்துவமனைகளின் அன்றாடப் பராமரிப்பில் ஓர் அங்கம். நிமோனியா, சிறுநீர்ப்பாதைத் தொற்று, காலில் வீங்கிச் சிவக்கும் தோல் தொற்று போன்றவற்றுக்கு, உடல்நிலை சீராக இருந்தால், வார்டுக்குப் பதிலாக வீட்டிலேயே சிகிச்சை பெறலாம். ரத்த அழுத்தம், காய்ச்சல், உயிர்வாயு அளவு ஆகியவற்றை நோயாளியோ குடும்பத்தாரோ எடுத்து அனுப்ப, மருத்துவக் குழு அங்கிருந்தே பார்க்கிறது. மருத்துவர் காணொளியில் பேசுவார். நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டுமானால் தாதி வீட்டுக்கு வருவார். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் இரண்டையும் பயன்படுத்தலாம். படுத்திருப்பது சொந்தக் கட்டிலில் என்றாலும், கணக்குப்படி அவர் மருத்துவமனை நோயாளிதான்.

வயதானவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வார்டில் இரவில் குழம்பிப்போவதும், படுத்தே கிடந்து கால் வலு இழப்பதும் குறையும். வீட்டு ரசமும் கிடைக்கும்.

ஆனால், அளவு எடுப்பது யார்? பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு அப்பாவுடன் இருப்பது இல்லப் பணிப்பெண் மட்டும்தான் என்றால், தாதி கருவிகளை விளக்கும்போது அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பாவுக்குத் தமிழ் மட்டுமே வரும் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு யார் தொலைபேசியை எடுப்பார்கள் என்பதையும் பேசி வையுங்கள். கவனிக்க ஆளில்லை என்றால், "வார்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம். அதைப் பாசக் குறைவாக எண்ண ஒன்றுமில்லை.

நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று தோல் நிறம். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களில் கண்டறிந்த முறையில்தான் ஆக்சிமீட்டர் இயங்குகிறது. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவுகின்றன. உயிர்வாயு நிறைந்த ரத்தம் ஒரு விதமாகவும், குறைந்த ரத்தம் வேறு விதமாகவும் அந்த ஒளியை உறிஞ்சுகின்றன. தோலின் கருமை நிறமியும் கொஞ்சம் உறிஞ்சுவதால் கணக்குப் பிசகலாம். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய நேரத்தில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது, வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. அந்த ஆய்வு நம்மவர்களைப் பற்றியதல்ல. என்றாலும், கருத்த மேனி உடையவர்கள் "95 காட்டுகிறதே" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே வீட்டில் ஒவ்வொருவருக்கும் அளவு எடுத்து எழுதி வையுங்கள். வழக்கமாக 99 காட்டுபவருக்கு 95 என்றால், அது இறக்கம். ஒற்றை எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். கை சில்லென்று இருந்தாலோ, நகப்பூச்சு அடர்த்தியாக இருந்தாலோ அளவு தப்பும். கையைச் சூடுபடுத்தி, பூச்சில்லாத விரலில், ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள்.

டெங்கியில் இந்தக் கருவியை நம்பவே வேண்டாம். அங்கே காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். தெர்மாமீட்டர் நல்ல செய்தி சொல்லும்போதே ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரண அயர்வு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தத் தொற்றானாலும், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், கூப்பிட்டும் சரியாகப் பதில் வராவிட்டால், திரையில் எந்த எண் இருந்தாலும் 995ஐ அழையுங்கள். மருத்துவக் குழுவுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.