எச்.ஐ.வி. நோயாளர்க்குரிய முதற் கூட்டு மருந்து

ஒரு நோய்க்கு இரண்டு மருந்துகள் உளவாயின், அவற்றுள் எது சிறந்தது என அறிதல் எளிதென்றே பலரும் எண்ணுவர். அஃது அத்துணை எளிதன்று என்பதை எச்.ஐ.வி. நோய்ச் சிகிச்சையின் வரலாற்றைக்கொண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

1987ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் சிடோவுடின் என்னும் மருந்து அனுமதிக்கப்பெற்றது. தனித்து வழங்கியபொழுது அது முதலிற் பயன் தந்து, பின்னர்ப் பயனற்றுப் போயிற்று. இவ்வைரஸ் தன்னைப் படியெடுக்குங்கால் பிழைகள் மலிய எடுக்கும். மருந்துக்கு அடங்காத பிழைப்படி ஒன்று தோன்றுமாயின் அதுவே எஞ்சிப் பெருகும். மூன்று மருந்துகளையும் ஒருங்கே தப்பவல்ல படி தோன்றுதல் மிக அரிது. ஆதலின் 1996 முதல் மும்மருந்துக் கூட்டு வழக்கமாயிற்று. முன்பு மருந்துண்ணாத நோயாளர்க்கு அளிக்கும் முதற் கூட்டிலே மிக்க கவனம் வேண்டும். அது தவறின், அதனோடு அதன் இனத்து மருந்துகள் பிறவும் பயன்படாமற் போகலாம்.

அத்தகையோர் 753 பேரைக்கொண்டு அமெரிக்க எய்ட்ஸ் மருந்தாராய்ச்சிக் குழுவினர் நடத்திய சோதனையொன்று 2008இல் வெளியாயிற்று. முதற் பிரிவினர்க்கு எஃபாவிரென்சும், இரண்டாம் பிரிவினர்க்குச் சிறிது ரிட்டோனவிர் சேர்ந்த லோபினவிரும், ஒவ்வொன்றோடும் லாமிவுடின் முதலாய நியூக்ளியோசைடு மருந்துகள் இரண்டும் தரப்பட்டன. மூன்றாம் பிரிவினர் நியூக்ளியோசைடு மருந்தின்றி, எஃபாவிரென்சையும் லோபினவிரையும் சேர்த்துண்டனர். 96 வாரங்களின் பின், ஒரு மில்லிலீட்டர் இரத்த நீரில் ஐம்பதுக்குக் குறைவாக வைரஸ் அடங்கியிருந்தோர், முதற் பிரிவில் நூற்றுக்கு 89 பேர். இரண்டாவதில் 77 பேர். மூன்றாவதில் 83 பேர்.

எஃபாவிரென்சே வென்றது என்று இவ்விடத்தே ஏட்டை மூடிவிடலாமோ? உடலைக் காக்கும் சி.டி.4 அணுக்கள் மிகுதியாய் ஏறியது லோபினவிர் உண்டவரிடத்தே. மருந்து தோற்ற நோயாளரிடத்தும், மருந்துக்கு அடங்காத வைரஸ் லோபினவிர்ப் பிரிவிற் குறைவாகவே காணப்பட்டது. மூன்றாம் பிரிவினர்க்கோ, முகமும் கைகால்களும் கொழுப்பிழந்து மெலியும் துன்பம் குறைந்தது. அடங்காத வைரஸ் மிகுந்தது. 'சிறந்த மருந்து' எனச் செய்தித்தாள்களிற் காணும்போதெல்லாம், எவ்வளவுகோல் கொண்டு அளந்தனர் என்று நாம் வினவுதல் நன்று.

பின்னர் டோலுடெக்ராவிர் என்னும் புதுமருந்து வந்தது. 833 பேர் கலந்துகொண்டு 2013இல் வெளியான சோதனையில், 48 வாரங்களில் அதன் கூட்டு நூற்றுக்கு 88 பேரிடத்து வைரஸை அடக்கிற்று. எஃபாவிரென்சுக் கூட்டு 81 பேரிடத்து. இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணம் மருந்தின் வலிமையன்று. தலைச்சுற்றல், கொடுங்கனவு முதலிய இடர்களால் எஃபாவிரென்சுப் பிரிவில் நூற்றுக்குப் பதின்மர் மருந்தை நிறுத்தினர்; மற்றதில் இருவரே. உட்கொள்ளப்படாத மருந்து எங்ஙனம் நோய் தீர்க்கும்?

2019இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் டோலுடெக்ராவிரை முதற் கூட்டின் தலைமருந்தாக விதந்துரைத்தது. அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்காவில் 1053 பேரிடத்து நடந்த சோதனையின் முடிவும் வெளிவந்தது. வைரஸை அடக்குவதில் புதிய கூட்டுகள் எஃபாவிரென்சுக் கூட்டிற்குத் தாழவில்லை. ஆயினும் அவற்றை உண்டோர், சிறப்பாகப் பெண்டிர், உடல் எடை மிகுந்தனர். அவ்வெடையால் விளைவன யாவை என்பதை அளக்க 48 வாரங்கள் போதா.